ஒரு கள்ளன், ஆறு முகம்

உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்களா? இருந்தால் இந்தச் சண்டை உங்களுக்குப் புதிதாக இராது. "ஸ்பைடர்மேன் என்றால் டோபி மக்வயர்தான்!" என்பான் பெரியவன். "போடா, டாம் ஹாலண்டுக்கு முன்னால் அவர் எம்மாத்திரம்?" என்பான் சின்னவன். ஆண்ட்ரூ கார்ஃபீல்டுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண் வந்து சேருவாள். மூன்று பேரும் போட்டுக்கொள்வது ஒரே சிலந்தி உடுப்பு. முகமோ மூடிக் கிடக்கிறது. இதில் உசத்தி என்ன, தாழ்த்தி என்ன என்று நாம் அடுப்பங்கரையிலிருந்து ஒரு அதட்டல் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம்.

நானும் அப்படித்தான் இருந்தேன், சோமனூரில் ஒரு பாட்டியம்மாளைச் சந்திக்கிற வரையில்.

கோயம்புத்தூரிலிருந்து திருப்பூருக்குப் போகிற ரயில் பாதையில் இருக்கிறது சோமனூர். திருப்பூரின் பெயரைச் சொன்னால் பனியன் ஞாபகம் வருவது போல, சோமனூர் என்றால் விசைத்தறி. நான் போன வீட்டிலும் பின்கட்டில் தறிக்கூடம். நல்லவேளை, கரண்டு போயிருந்தது. இல்லாவிட்டால் தறிச் சத்தத்தில் நாங்கள் பேசியது ஒருவருக்கும் கேட்டிராது. திண்ணையில் பேரப் பிள்ளைகள் இருவரும் மேற்படி ஸ்பைடர்மேன் சண்டையில் மும்முரமாக இருந்தார்கள். சின்னவன் போட்டிருந்த பனியனிலேயே அந்தச் சிலந்திக்காரர் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"இவனுகளை ஒண்ணுஞ் சொல்லாதீங்க அம்மிணி" என்றார் பாட்டியம்மாள். வயது எண்பதை நெருங்குகிறது; பேச்சில் இருபதுதான். "நாங்களும் இப்படி அடிச்சுக்கிட்டவங்கதான். எங்களுக்கு மலைக்கள்ளன்!"

எனக்குச் சுரீரென்றது. அட, ஆமாம்! மூன்று ஸ்பைடர்மேன்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, நம் கோயம்புத்தூரிலேயே ஒரு வீரன் ஆறு முகத்தோடு பிறந்தானே! மலைமேல் நிற்கும் ஆறுமுகம் என்றால் நமக்கு மருதமலைதான் நினைவுக்கு வரும். இவனும் மலைமேல் நின்றவன்தான், ஆனால் கள்ளன்.

கதையைத் தெரியாத இளைய சகோதரிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை எழுதிய நாவல் 'மலைக்கள்ளன்'. வேதாரண்யம் உப்பு யாத்திரைக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் கள்ளனுக்குக் கதை எழுதலாமா என்று கேட்காதீர்கள். இந்தக் கள்ளன் நல்லவர்களைத் தொடுவதில்லை, அக்கிரமக்காரர்களைத்தான் விடுவதில்லை. ஒரு சமயம் மலைக்கள்ளன். ஒரு சமயம் அப்துல் ரஹீம் என்ற வியாபாரி. கடைசியில் பார்த்தால் சிறு வயதில் காணாமற்போன குமாரவீரன். கடத்திச் செல்லப்பட்ட பூங்கோதையை மீட்டுக் காப்பவனும் அவனே. பகலில் ஒரு வேஷம், இரவில் ஒரு வேஷம், இரண்டுக்கும் பின்னால் ஒரு ரகசியம். அமெரிக்காவில் 1919-ல் கதையாகப் பிறந்து, அடுத்த வருஷமே சினிமாவுக்கு வந்த ஸாரோவும் இந்த ஜாதகக்காரன்தான். பின்னால் வந்த பேட்மேனும் அப்படியே.

கோவை பக்ஷிராஜா ஸ்டூடியோவின் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு இந்தக் கதையை 1954-ல் தமிழில் எடுத்தார். எம்.ஜி.ஆர். கள்ளன், பானுமதி பூங்கோதை, வசனம் மு. கருணாநிதி. தமிழில் ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்ற முதல் படம் இதுதான். அதோடு விட்டாரா நாயுடு? அதே வருஷம் தெலுங்கில் 'அக்கி ராமுடு', என்.டி. ராமராவை வைத்து. 1955-ல் இந்தியில் 'ஆஸாத்', திலீப்குமார், மீனாகுமாரியை வைத்து. 1957-ல் கன்னடத்தில் 'பெட்டத கள்ள', கல்யாண்குமார். மலையாளத்தில் 'தஸ்கரவீரன்', சத்யன். அப்புறம் சிங்களத்தில் 'சூரசேனா'. மூச்சு வாங்குகிறதா? ஆறு மொழி!

சோமனூரில் உட்கார்ந்து இதை யோசித்தபோது தறிதான் ஞாபகத்துக்கு வந்தது. பாவு நூல் ஒன்றே; ஊடை நூலை மாற்றினால் துணியின் நிறமே மாறிவிடுகிறதல்லவா? நாயுடு செய்ததும் அதுதான்.

பெயர்களையே பாருங்கள். தமிழனும் கன்னடக்காரரும் ஒளிவு மறைவில்லாமல் 'மலைக்கள்ளன்' என்றே சொல்லிவிட்டார்கள். மலையாளத்தில் கள்ளனோடு வீரனையும் சேர்த்துக்கொண்டார்கள். தெலுங்கில் நெருப்பு ராமன் ஆகிவிட்டான். இந்தியிலோ திருட்டு என்ற பேச்சே இல்லை; 'ஆஸாத்' என்றால் சுதந்திரமானவன். இன்னொரு வேடிக்கை: மலையாளத்தில் திருடனாக நடித்த சத்யன், சினிமாவுக்கு வருமுன் நிஜப் போலீஸ்காரர்!

பாட்டியம்மாள் தமிழ்ப் படத்தைப் பார்த்தது டெண்டுக் கொட்டகையில், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து. "குதிரை மேல வந்துக்கிட்டே பாடுவாரு பாருங்க, அதுல பாதிப் பேரு எந்திரிச்சு நின்னுட்டாங்க. எனக்குத் திரையே தெரியலை. அழுதுட்டேன்" என்றார்.

டி.எம். சௌந்தரராஜன் குரலில் எம்.ஜி.ஆர். பாடும் அந்தப் பாட்டில் காதலி இல்லை, நிலா இல்லை. ஊரை ஏமாற்றுகிறவர்களைக் கேள்வி கேட்கிறார். எல்லோருக்கும் படிப்பும் தொழிலும் கிடைக்க வேண்டும் என்கிறார். ஒரு திருடனுக்கு இது என்ன பேச்சு என்று ஜனங்கள் நினைக்கவில்லை, எழுந்து நின்றார்கள். 1977-ல் அவரையே முதல் மந்திரியாகவும் ஆக்கினார்கள். வசனம் எழுதியவர் அதற்கு முன்பே, 1969-லேயே, முதல் மந்திரி ஆகிவிட்டார். 1983-ல் ஆந்திராவில் 'அக்கி ராமுடு'வும் முதல் மந்திரி! வேஷத்தைக் கலைத்த பிறகும் ஜனங்கள் வேஷத்தை மறக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

திலீப்குமாரின் கதை வேறு. சோகப் படமாக நடித்து நடித்து, வீட்டுக்குப் போன பிறகும் அந்தத் துக்கம் அவரை விடவில்லையாம். லண்டனில் ஒரு மனநல மருத்துவர், "கொஞ்ச காலம் சிரிக்கிற வேஷமாகப் போடுங்கள்" என்று யோசனை சொன்னாராம். அப்படி அவர் ஏற்ற படங்களில் ஒன்று 'ஆஸாத்'. ஆகவே அவருடைய கள்ளன் ஊரைத் திருத்த வந்தவனல்ல. தன் மனத்துக்கு மருந்து தேடி வந்தவன். வியாபாரி கான் சாகேபாக வரும்போது திலீப்குமார் அனுபவித்துக் குறும்பு செய்கிறார். சி. ராம்சந்திராவின் இசையில் அவர் நாயகியோடு பாடும் பாட்டு, பருவம் எவ்வளவு அழகாயிருக்கிறது என்பதைப் பற்றி! அங்கே பள்ளிக்கூடமும் தொழிலும். இங்கே பருவத்தின் அழகு. அதற்காக இதைக் குறைவென்று சொல்லிவிடாதீர்கள். அந்த வருஷத்துச் சிறந்த நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் பரிசு அவருக்கு இந்த வேஷத்துக்குத்தான் கிடைத்தது.

கதாநாயகிகளை விட்டுவிட்டால் நீங்கள் என்னைச் சும்மா விடுவீர்களா? தமிழிலும் தெலுங்கிலும் பானுமதியே நாயகி. 1953-லேயே 'சண்டிராணி'யைத் தாமே டைரக்ட் செய்து மூன்று மொழிகளில் எடுத்தவர் அவர். அந்தக் கம்பீரம் பூங்கோதையிடமும் இருக்கிறது. காப்பாற்றப்படும்போது கூட, காப்பாற்றுகிறவனை ஒரு முறை அளந்து பார்த்துவிட்டுத்தான் நம்புவது போலிருக்கிறது. மீனாகுமாரியோ கண்ணீருக்கென்றே பெயர் வாங்கியவர். அவர் வாய்விட்டுச் சிரிக்கிற சில படங்களில் 'ஆஸாத்' ஒன்று. திலீப்குமாருக்கு மட்டுமா அது மருந்து?

என் கைபேசியில் 'ஆஸாத்'தைக் கொஞ்சம் போட்டுக் காட்டினேன். பாட்டியம்மாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஆளு லட்சணமாத்தான் இருக்காரு. ஆனா வெளையாட்டுக்குத் திருடறாப்பல இருக்குதுங்க அம்மிணி" என்று தீர்ப்புச் சொன்னார். கொஞ்ச நேரம் பொறுத்து, "நம்ம மலைக்கள்ளன் மேலயும் எனக்கு ஒரு கொறை உண்டு" என்றார்.

"என்ன பாட்டி?"

"கடைசியில பார்த்தா அவனும் பெரிய வீட்டுப் பையன்! காணாமப் போன பையன் வந்துட்டான்னு சொத்து, சொந்தம் எல்லாங் கெடைச்சுருது. கதை முடிஞ்சுது. மணலைத் தட்டிவிட்டுட்டு நாங்க வீட்டுக்கு வந்தா, எங்கப்பன் நூலுக்குக் கடன் கேட்கப் போயிருக்காரு."

இந்தக் குறையை எந்தப் படத்து விமரிசகரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆறு மொழியிலும் மாற்றாத பாவு நூல் அதுதான்.

அப்போது சின்னவன் குறுக்கிட்டான். "அப்பத்தா, எங்க ஸ்பைடர்மேன் பெரிய வீட்டுப் பையன் இல்லே!"

வாஸ்தவம். 2002-ல் டோபி மக்வயர், 2012-ல் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட், 2017-ல் தனிப் படத்தில் டாம் ஹாலண்ட்: மூவருமே பெற்றோரில்லாமல் சித்தி வீட்டில் வளரும் பீட்டர் பார்க்கர்தான். கார்ஃபீல்ட் காணாமற்போன தகப்பனாரின் ரகசியத்தைத் தேடுகிறவர். ஹாலண்டுக்கு உடுப்பைச் செய்து கொடுக்கவே ஒரு கோடீசுவரர் இருக்கிறார். 2004-ல் வந்த இரண்டாம் படத்தில் மக்வயர் படுகிற பாடு இருக்கிறதே! வீடு வீடாகப் பீட்ஸா கொண்டு போய்க் கொடுக்கிறார். அந்த வேலையும் போகிறது. அறைக்கு வாடகை பாக்கி. சித்தி தன் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள பாங்கியில் கடன் கேட்கப் போகிறாள், இல்லையென்று அனுப்பிவிடுகிறார்கள்.

இதைச் சொன்னவுடன் பாட்டியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னது, சிலந்திக்காரனோட சித்திக்குக் கடன் இல்லைன்னுட்டாங்களா? ஏ கண்ணு, அந்தப் படத்தை எனக்குப் போட்டுக் காட்டு!"

நூல் கோர்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மருமகள் அப்போதுதான் வாய் திறந்தாள். "ஏனுங்கக்கா, தறி நின்ன வருஷம் நானும் அப்படித்தானுங்க பேங்குல உட்கார்ந்துட்டு வந்தேன்."

கூலி உயர்வு கேட்டு இந்தப் பக்கத்து விசைத்தறிகள் 2022-ம் வருஷத் தொடக்கத்திலும் 2025-லும் வாரக்கணக்கில் நின்றதை நீங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். பாவும் நூலும் வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுக்கிற குடும்பங்கள் இவை. கூலி ஏறாது, கரண்டுக் கட்டணமும் உதிரி சாமானும் ஏறும். இந்த வீட்டில் எட்டுத் தறி இருந்தது. நான்கைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார்கள். மருமகளின் தோடு அடகுக்குப் போய்த் திரும்பி, மறுபடி போயிருக்கிறது. அந்த வாரங்களில் எந்த மலையிலிருந்தும் எந்தக் கள்ளனும் குதிரையேறி வரவில்லை. தறிக்காரர்களே கூடி உட்கார்ந்து, பேசி, காத்திருந்து, ஏதோ கொஞ்சம் உயர்வு வாங்கினார்கள்.

"அந்த நேரத்துல யாராச்சும் வருவாங்கன்னு நெனைச்சயா?" என்று மருமகளைக் கேட்டேன்.

"வருவாங்கன்னு நெனைக்கலீங்கக்கா. ஆனா ராத்திரியில பசங்க அந்தப் படத்தைப் போட்டாங்கன்னா நானும் உட்கார்ந்து பார்ப்பேன். வாடகை கேட்டு ஒருத்தர் கத்துவார் பாருங்க, அந்த இடத்துல எனக்குச் சிரிப்பு வந்துரும். நமக்கு மட்டும் இல்லைன்னு இருக்கும்."

சகோதரிகளே, ஒரே வீரனை எத்தனை பேர் நடித்தால் என்ன, எல்லாம் ஒன்றுதானே என்று நான் நினைத்தது எவ்வளவு தவறு! நடிகரின் முகத்தையா நாம் ஒப்பிட்டுப் பார்க்கிறோம்? நம் வீட்டுக் கவலையைத் தெரிந்தவன் எவன் என்றல்லவா தேடுகிறோம்! 1954-ல் பள்ளிக்கூடமும் தொழிலும் கேட்ட ஊர், அவற்றைப் பாடியவரைத் தன்னவர் என்றது. துக்கத்தில் தோய்ந்திருந்த ஒரு நடிகர், சிரிக்கிற கள்ளனைத் தமக்கென்று எடுத்துக்கொண்டார். சோமனூரில் ஒரு பாட்டி, வாடகை பாக்கிக்காரனைத் தேர்ந்தெடுத்தார்.

2021-ல் வந்த படத்தில் மூன்று ஸ்பைடர்மேன்களும் ஒன்றாக வந்து நின்றபோது பிள்ளைகள் கொட்டகையில் கூச்சல் போட்டார்கள். எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் திலீப்குமாரும் அப்படி ஒரே திரையில் நின்றதில்லை. அவர்களை வேஷம் கட்டி அனுப்பிய பக்ஷிராஜா ஸ்டூடியோவும் இன்று இல்லை.

கரண்டு வந்துவிட்டது. பின்கட்டில் நான்கு தறிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் போட ஆரம்பித்தன. மருமகள் எழுந்து ஓடினாள். "அப்பத்தா, அப்போ யாருதான் ஜெயிச்சது?" என்று சின்னவன் கத்தினான். பாட்டியம்மாள் என்னவோ பதில் சொன்னார். தறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பெரியவன் மட்டும் கையைத் தட்டிக் குதித்தான்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் இந்தச் சண்டை வந்தால் அதட்டாதீர்கள். "உனக்கு ஏன் அவரைப் பிடிக்கிறது?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள். பதிலைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். உங்கள் பிள்ளை உங்களிடம் சொல்லாமல் வைத்திருக்கிற சங்கதி ஒன்று அதில் இருந்தாலும் இருக்கும்.