வாசித்துக் காட்டச் சொல்லாதீர்கள், கூடப் பாடுங்கள்

விருந்தினர் வந்து காபி குடித்து முடித்ததும் நம் வீடுகளில் ஒரு சடங்கு நடக்கிறது. "கண்ணா, அந்தக் கிடாரை எடுத்துட்டு வா. அங்கிளுக்கு ஒண்ணு வாசிச்சுக் காட்டு." பிள்ளை முதலில் காதில் விழாததுபோல இருப்பான். நம் குரல் உயர்ந்ததும் எழுந்து போவான். உறையைத் திறந்து, கம்பிகளைச் சுருதி சேர்க்கக்கூட அவகாசம் இல்லாமல், அரை மனதாக எதையோ வாசிப்பான். அங்கிள் பாதிக் கவனத்தைச் செல்போனில் வைத்திருப்பார். முடிந்ததும் கைதட்டல், அதன் பின்னே அந்தக் கேள்வி: "எந்த கிரேடு முடிச்சிருக்கான்?" அவன் வாய் திறப்பதற்குள் நாமே பதிலும் சொல்லிவிடுவோம். கிடார் திரும்ப உறைக்குள் போகும்.

கூடத்தில் ஆறேழு பேர் இருந்திருப்போம். ஒருவர்கூடப் பாடவில்லை. பாட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. பெற்றோரே, நாம் பிள்ளைக்குக் கிடார் வாங்கிக் கொடுத்தோம், மாதாமாதம் வகுப்புக்குப் பணம் கட்டுகிறோம், ஞாயிறு காலையில் வண்டியில் கொண்டுபோய் விட்டு வாசலில் காத்துக்கிடக்கிறோம். எல்லாம் செய்தும், அந்தப் பிள்ளைக்கு வீட்டில் கூடப் பாட ஓர் ஆளைக் கொடுக்கவில்லை.

மூன்று வருடம் கிடார் படித்த பிள்ளையிடம், பாட்டிக்குத் தெரிந்த ஒரு பாட்டுக்கு வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். விழிக்கும். அதற்குத் தெரிந்ததெல்லாம் தேர்வுக்கு உருட்டி உருட்டிப் பழகிய சில உருப்படிகள்தான். ஒரு கிரேடு முடிந்தால் அடுத்த கிரேடின் உருப்படிகள். தீபாவளிக்கு மூன்று பலகாரம் செய்யத் தெரிந்து, சோறு வடிக்கத் தெரியாத கதை இது.

தேர்வே கூடாது என்று சொல்ல வரவில்லை. இளையராஜாவே சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர்தான். இந்தக் கதையை மட்டும் நாம் பிள்ளைகளிடம் தவறாமல் சொல்கிறோம். அதற்கு முந்திய கதையை விட்டுவிடுகிறோம். அவர் பதின்ம வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராஜனோடும் தம்பி, தமையன்களோடும் ஊர் ஊராகப் போய், கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துப் பாடித் திரிந்தவர். அந்த வீட்டில் முதலில் அண்ணன் தம்பிகள் கூடிப் பாடினார்கள். தேர்வும் பதக்கமும் பல வருடம் கழித்து வந்தன. நாம் வரிசையைத் தலைகீழாக்கி வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு ஏன் ஆர்வம் வரவில்லை என்று ஆசிரியரிடம் போய்க் கேட்கிறோம்.

வீட்டில் பாடுவது நமக்குப் புதிதா என்ன? நவராத்திரிக்குக் கொலு பார்க்க வந்த பெண்ணை, "ஒரு பாட்டு பாடிட்டுப் போ" என்று உட்காரவைத்துச் சுண்டல் கொடுத்த ஊர் இது. அவள் குரல் எப்படி இருந்தாலும் சுண்டல் உண்டு. மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி விடியலில் பாபநாசம் சிவன் பஜனை பாடிக்கொண்டு வந்தபோது, பின்னால் நடந்தவர்கள் எல்லாரும் வித்வான்களாக இருந்திருக்க மாட்டார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் டிசம்பர் இரவுகளில் கேரல் ரவுண்ட்ஸ் போகும் வாலிபர் கூட்டத்தைப் பாருங்கள். கழுத்தில் கிடாரை மாட்டிய ஒரு பையன் முன்னால் போவான். அவன் பெரும்பாலும் எந்த வகுப்புக்கும் போயிருக்க மாட்டான். பாடகர் குழுவில் இருந்த அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் விரல் எங்கே போகிறது என்று பார்த்தே பழகியிருப்பான். ஞானப் பாடல்களும் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளும் அந்த வீடுகளில் குடும்ப ஜெபத்தில் தினம் பாடியே மனப்பாடம் ஆனவை. ராகம் விலகினால் யாரும் ஜெபத்தை நிறுத்துவதில்லை.

கல்லூரிச் சுற்றுலாப் பேருந்து இன்னொரு இடம். இலங்கைப் பொப் பாடகர் ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யை, அதில் வரும் சிங்களச் சொற்களுக்கு அர்த்தம் தெரியாமலேயே, ஊட்டி மலை ஏறும்வரை இருக்கையைத் தட்டிக்கொண்டு பாடியவர்கள் இதைப் படிப்பவர்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். கரண்ட் போன இரவுகளில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் பாட்டுக்குப் பாட்டு ஆடியவர்களும் நாம்தான். 'ம'வில் தொடங்கும் பாட்டு கிடைக்காமல் திணறிய அத்தை, பி.எச். அப்துல் ஹமீதின் நிகழ்ச்சியில் தோற்றதுபோல முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டது நினைவில்லையா?

பிறகு தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டிகள் வந்தன. பாடுகிற சிறுவர்களின் திறமை பெரிது, மறுக்கவில்லை. ஆனால் அவற்றைப் பார்த்துப் பார்த்து நாம் எல்லாரும் நடுவர்களாகிவிட்டோம். 'சங்கதி சரியா விழலை', 'பிட்சிங் போயிடுச்சு' என்றெல்லாம் சொல்லத் தெரிந்துவிட்டது. ஒரு காலத்தில் சமையலறையில் முணுமுணுத்துக்கொண்டே வேலை பார்த்த அம்மா வாயை மூடிக்கொண்டுவிட்டார். பத்து வயதுப் பிள்ளை பாடத் தொடங்கினால், இரண்டாவது வரியிலேயே சோபாவிலிருந்து தீர்ப்பு வருகிறது. அப்புறம் அது எப்படிப் பாடும்?

"எனக்குக் குரலே வராதுங்க" என்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் பிரச்சினை பெரும்பாலும் குரலில் இல்லை, சுருதியில் இருக்கிறது. எஸ்.பி.பி., யேசுதாஸ், ஜானகி பாடிய பாட்டுகளை அவர்கள் பாடிய உயரத்திலேயே பாட முயன்றால், சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் நம் தொண்டை கட்டிக்கொள்ளும். கரோக்கே பொதுவாக அந்தப் பாடகரின் சுருதியிலேயே ஓடும். அதோடு நாம்தான் மல்லுக்கட்ட வேண்டும். கிடார் அப்படி இல்லை, நாம் இருக்கிற இடத்துக்குப் பாட்டைக் கொண்டுவந்துவிடும்.

சிறுவயதில் பாட்டு வகுப்புக்குப் போன அம்மாக்களுக்குக் கட்டைக் கணக்கு தெரியும். ஒரு கட்டை என்பது கிடார்காரப் பிள்ளை சொல்லும் 'சி'. ஐந்து கட்டை என்பது 'ஜி'. பெண்கள் பலருக்கு ஐந்து, ஐந்தரை கட்டை வசதி. ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை. 'ஜி'யை ஆதாரமாக வைத்து 'ஜி', 'சி', 'டி', 'ஈ மைனர்' என்ற நாலு கார்டுகளைப் பிடிக்கத் தெரிந்த பிள்ளை, ஐந்து கட்டையில் பாடும் அம்மாவுக்கு இன்றைக்கே வாசித்துவிடலாம். அம்மாவுக்கு ஐந்தரைதான் சரிப்படும் என்றால் முதல் கட்டத்தில் ஒரு கேப்போவைக் கவ்வவிட்டால் போதும். அந்தச் சிறு கிளிப் கம்பிகள் ஆறையும் சேர்த்து அழுத்தி, எல்லாவற்றையும் அரைக் கட்டை ஏற்றிவிடும். விரல்கள் பழைய இடத்திலேயே பழைய மாதிரியே போகும். அப்பாவின் முறை வந்தால் 'சி'யை ஆதாரமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான், ஆனால் அதில் 'எஃப்' கார்டு வரும். ஒரே விரலால் கம்பிகளை மொத்தமாக அழுத்த வேண்டிய அந்தக் கார்டில்தான் பாதிப் பிள்ளைகள் கிடாரைக் கீழே வைக்கிறார்கள். அப்பா ஒரு கட்டை மேலே ஏறி 'டி'யில், இரண்டு கட்டையில், பாடிக்கொண்டால் 'எஃப்' இல்லாமலே சமாளிக்கலாம். பிள்ளைக்காக அப்பாக்கள் இந்த அளவுக்காவது விட்டுக்கொடுக்கலாம்.

அம்மாவுக்கு எது வசதி, தாத்தாவுக்கு எது வசதி என்று தேடிச் சுருதியை மாற்றிப் பார்க்கும் பிள்ளை, எந்தப் பாடத்திட்டத்திலும் அவ்வளவு சீக்கிரம் கிடைக்காத ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. பாடுகிறவர் மூச்சு வாங்கினால் காத்திருக்கவும், ஒரு வரியை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினால் கூடவே தாவவும் அதற்குக் காது பழகும்.

இன்னொரு கோளாறும் கண்ணில் படுகிறது. 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் எஸ்.பி.பி. பாடிய நிலாப் பாட்டின் ஆரம்பக் கிடார் இசையை வாசிக்காத பையன் தமிழ்நாட்டில் இல்லை. 1980-ல் வந்த 'மூடுபனி'யின் கிடார் பாட்டும் அப்படியே. ஆரம்ப இசை கனகச்சிதமாக வரும். பல்லவி தொடங்க வேண்டிய இடத்தில் கை நின்றுவிடும், அதற்குமேல் படிக்கவில்லை. ஏனென்றால் அந்த முப்பது விநாடியைத்தான் நாம் செல்போனில் படம்பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டுப் பெருமைப்பட்டோம். பிள்ளை நம்மிடமிருந்து கற்ற பாடம் அது. ஆரம்ப இசை சொதப்பினால் சொதப்பட்டும். பல்லவியும் ஒரு சரணமும் தடுமாறாமல் போனால் நாலு பேர் கூடச் சேர்ந்து பாட முடியும்.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டு வயதுக் குழந்தைக்கு, வளர்ந்த பிறகும் உதவும் என்று கணக்குப் போட்டு 41 அங்குலக் கிடாரை வாங்கித் தருகிறோம். மடியில் நிற்காது, கை சுற்றிவராது. முக்கால் அளவுக் கிடார்கள் கடையில் கிடைக்கின்றன. மலிவான கிடார்கள் சிலவற்றில் கம்பிகள் பலகையிலிருந்து மிக உயரத்தில் நிற்கும். பன்னிரண்டாவது கட்டத்தில் நாலு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் பெரியவர்களுக்கே விரல் நோகும். கடையில் கொடுத்தால், கம்பிகளைத் தாங்கும் சேடிலைத் தேய்த்துக் கம்பியை இறக்கித் தருவார்கள். கடற்கரை ஊர்களில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாங்கிய நாளிலிருந்து மாற்றாத துருக்கம்பியில் விரல் தேய்ந்த பிள்ளையைத்தான் 'சோம்பேறி' என்கிறோம். விரல் நுனித் தோல் தடித்துப் போக முதலில் சில வாரம் ஆகும். அதுவரை வலி நிஜம். தயவுசெய்து அதை நடிப்பு என்று சொல்லாதீர்கள்.

பத்தாம் வகுப்பு வந்ததும் கிடார் அலமாரிக்கு மேலே ஏறுகிறது. "பரிட்சை முடியட்டும்" என்கிறோம். பத்து முடிந்தால் பதினொன்று, பன்னிரண்டு, அப்புறம் நீட், ஜேஇஇ. இறங்கும்போது பிள்ளை விடுதிக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும். நாள் முழுதும் படித்த பிள்ளை ராத்திரி பதினைந்து நிமிடம் நண்பர்களோடு உட்கார்ந்து பாடினால் மதிப்பெண் குறையும் என்பது யார் கண்டுபிடித்த கணக்கு? அதே பதினைந்து நிமிடம் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்குத் தெரிவதில்லை, சத்தம் வராததால் சும்மா இருந்துவிடுகிறோம்.

மகள்கள் விஷயத்தில் நாம் இன்னும் மோசம். மகன் கிடாரோடு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனால் தேநீர் போட்டு அனுப்புகிறோம். மகள் போனால், "யார் யார் வர்றாங்க? எத்தனை மணிக்குக் கீழே வருவே?" அவள் பாடுவதை நிறுத்தியதற்கு வகுப்பு ஆசிரியர் காரணம் இல்லை.

மே மாத விடுமுறையில் அத்தை மாமா பிள்ளைகள் ஒன்றுகூடுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பதால் முதல் நாள் முழுக்கக் கூச்சம், ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு செல்போன். பிரிட்டனில் முன்பின் தெரியாதவர்கள் சேரும் வயதுவந்தோர் கல்வி வகுப்புகளை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கவனித்து 2015-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கைவினை வகுப்பிலும் எழுத்து வகுப்பிலும் சேர்ந்தவர்களைவிடப் பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்கள் வேகமாக நெருக்கமானார்கள். ஏழு மாதம் போனபின் எல்லா வகுப்புகளும் ஏறக்குறைய ஒன்றுதான், பாட்டு செய்தது தொடக்கக் கூச்சத்தை உடைத்ததுதான். நம் உறவுக்காரப் பிள்ளைகளுக்கு ஏழு மாதம் எங்கே இருக்கிறது? நாலே நாள் விடுமுறை. முதல் நாள் ராத்திரியே ஒரு பாட்டைத் தொடங்கிவிடுவது எல்லாருக்கும் நல்லது.

ஆகவே இந்த வாரம் கிடாரை உறையிலிருந்து எடுத்துக் கூடத்தில், கை எட்டும் இடத்தில் வையுங்கள். சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, உங்களுக்கு ஒரு பல்லவியும் சரணமும் முழுதாகத் தெரிந்த ஏதாவது ஒரு பாட்டை நீங்களே தொடங்குங்கள். பிள்ளை சுருதி தேடிப் பிடிக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். செல்போனை வெளியே எடுக்காதீர்கள். திருத்தாதீர்கள். சத்தம் அதிகம் என்று குடியிருப்புச் சங்கத்திலிருந்து யாராவது வந்தால், உள்ளே அழைத்து உட்காரவைத்து, அவருக்கு எத்தனை கட்டை என்று கேளுங்கள்.