18 பவுண்டு பிளக் வயரைப் பார்க்காம 542 பவுண்டு செலவு பண்ணினேன்

போன மாசம் வீடியோல என் பின்னாடி நின்ன அந்தப் பழைய பச்சைக் கார் எவ்வளவுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. எமர்ஜென்சி ஃபண்ட் பத்திப் பேசிட்டு இருந்தேன், அதை விட்டுட்டு கார் பத்திக் கேள்வி! சரி, பேசிடலாம். ஆனா விலையைப் பத்தி இல்ல. அந்தக் காரோட பிளக் வயரைப் பத்தி. சிரிக்காதீங்க, சம்பளம் வாங்கற நம்ம எல்லாருக்கும் அதுல விஷயம் இருக்கு.

அது 1970 மாடல் எம்ஜிபி ஜிடி. இந்தியால ரோட்டுல பார்க்கிற எம்ஜி ஹெக்டர் வேற, இது வேற. பேரும் முத்திரையும் மட்டும்தான் தொடர்ச்சி. எம்ஜிபி 1962லிருந்து 1980 வரைக்கும் இங்கிலாந்துல ஆபிங்டன் ஊர்ல செஞ்ச ஸ்போர்ட்ஸ் கார். 5 லட்சத்துக்கும் மேல செஞ்சாங்க. 1798 சிசி, நாலு சிலிண்டர், ரெண்டு எஸ்யு கார்புரேட்டர். நான் ஸ்விண்டன்ல வேலை பார்க்கிறேன், ஆபிங்டன் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதனால பாசம்.

பணக்கணக்கு பார்த்தா மோசமான முடிவும் இல்ல. பிரிட்டன்ல 40 வயசு தாண்டின வண்டிக்கு சாலை வரி பூஜ்யம். வருஷாந்திர எம்ஓடி சோதனையும் கட்டாயம் இல்ல, வண்டியைப் பெரிசா மாத்தியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனாலும் நான் வருஷா வருஷம் எம்ஓடி பண்றேன். கார்களுக்கு அதிகபட்சக் கட்டணமே 54 பவுண்டு 85 பென்ஸ். பிரேக் பிடிக்குமான்னு தெரிஞ்சுக்கிறதுக்கு அது அதிகமில்ல. இந்தக் காருக்குன்னு மாசம் 60 பவுண்டு தனிக் கணக்குல போட்டுட்டு வர்றேன். அதாவது வருஷத்துக்கு 720. இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க.

போன செப்டம்பர்ல வண்டி மிஸ்ஸிங் ஆக ஆரம்பிச்சது. வீட்டு வாசல்ல ஐடிலிங்ல நின்னா தையல் மெஷின் மாதிரி ஓடும். மேடு ஏறினா இருமும். மழை பெய்தா இன்னும் மோசம். கராஜுக்கு எடுத்துட்டுப் போனா அங்க ஒழுங்கா ஓடும். டாக்டர்கிட்ட போனதும் காய்ச்சல் இறங்குமே, அது மாதிரி.

கராஜ்ல கார்புரேட்டர்னு சொன்னாங்க. ரெண்டையும் பிரிச்சுப் போட்டு 240 பவுண்டு. போகல. அப்புறம் காயில், 45. போகல. பிளக் 12. பழைய பாயின்ட்டை எடுத்துட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டா தீரும்னு ராத்திரி 11 மணிக்கு நானே முடிவு பண்ணி 95 பவுண்டுக்கு வாங்கினேன். ரெண்டு தடவை சோதனைக் கூலி 150. மொத்தம் 542. வருஷ பட்ஜெட்ல முக்கால்வாசி மூணு மாசத்துல காலி, வண்டி அப்படியே இருமிட்டு இருக்கு. "இதுக்கு மேல ஒரு பென்னிகூட போடாதீங்க, வித்துடுங்க"ன்னு வீட்ல சொல்லிட்டாங்க. நானும் விளம்பரத்துக்கு போட்டோ எடுக்கிற நிலைமைக்கு வந்துட்டேன்.

நவம்பர்ல ஒரு சாயங்காலம் க்ளாஸ்டர்லேர்ந்து திரும்பி வர்றோம். கிரிக்லி ஹில் மேடு, மழை, இருட்டு. பாதி மேட்டுல வண்டி சுத்தமா சக்தியை விட்டுடுச்சு. பின்னாடி லாரி ஹெட்லைட் கண்ணாடி முழுக்க. ஓரமா ஒதுங்கி நிக்கறதுக்குள்ள எனக்கும் மனைவிக்கும் கை நடுங்கிடுச்சு. அன்னிக்கு அந்த லாரிக்காரர் கவனமா இருந்தார், அதனாலதான் இதை எழுதிட்டு இருக்கேன்.

மீட்பு வண்டியில வந்தவர் 60 வயசுக்காரர். பானெட்டைத் திறந்தார், இன்ஜினை ஓட விடச் சொன்னார், டார்ச்சை அணைச்சார். நான் எதுக்குன்னு முழிச்சேன். இருட்டுல பார்த்தா, காயில்லேர்ந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற நடு வயர் ஒரு இரும்புப் பிடிப்புல உரசற இடத்துல நீலமா பளிச் பளிச்னு பொறி. தண்ணியைப் புகை மாதிரி ஸ்ப்ரே பண்ணினார், இன்னும் ரெண்டு வயர்லயும் தெரிஞ்சது. ரப்பர் காஞ்சு வெடிச்சிருக்கு. "இதுக்கு எத்தனை வயசு?"ன்னு கேட்டார். எனக்குத் தெரியல. நான் வாங்கினப்பவே இருந்தது.

ஏன் மேட்டுல மட்டும் வந்தது? ஆக்சிலரேட்டர் அழுத்தி மேடு ஏறும்போது சிலிண்டருக்குள்ள அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினா பிளக் முனையில பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேணும். காயில் வோல்டேஜை ஏத்திக்கிட்டே போகும். அப்ப கரண்டுக்கு ரெண்டு வழி: ஒண்ணு பிளக், இன்னொண்ணு வெடிச்ச ரப்பர் வழியா பக்கத்து இரும்பு. எது சுலபமோ அதுல போகும். மழை ஈரம் ரெண்டாவது வழியை இன்னும் சுலபமாக்கும். ஐடிலிங்ல இந்தப் பிரச்னையே தெரியாது. நடு வயர் போனா நாலு சிலிண்டரும் சேர்ந்து இருமும், ஏன்னா நாலோட பொறியும் அது வழியாத்தான் போகணும். இன்ஜின்ல அதிகம் உழைக்கிற வயர் அதுதான், நாலு மடங்கு.

வீட்டுக்கு வந்ததும் நான் என்ன பண்ணியிருக்கணும்? காலையில டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்த்து, அதுக்கு ஏத்ததை வாங்கியிருக்கணும். அதைத்தான் பண்ணல. ஆத்திரத்துல அன்னிக்கு ராத்திரியே இன்டர்நெட்ல சிவப்புக் கலர், 8 மில்லிமீட்டர் தடி, "அதிக சக்தி" வயர் செட் 72 பவுண்டுக்கு ஆர்டர் போட்டேன். வந்தது. என் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில நுழையவே இல்ல.

இங்கதான் என் கருத்துக்கு வர்றேன். தடி வயர், பளபள வயர், "பவர்" வயர் எல்லாம் இந்த மாதிரி வண்டிக்கு வெறும் அலங்காரம். பொறி தாண்ட எவ்வளவு வோல்டேஜ் வேணுமோ அவ்வளவுதான் காயில் ஏறும், தாண்டினதும் நின்னுடும். எம்ஜிபி பிளக் இடைவெளி 0.025 அங்குலம், அதாவது சுமார் 0.64 மில்லிமீட்டர். பெட்டியில 40,000 வோல்ட்னு போட்டிருந்தாலும் பெரும்பாலான நேரம் அதுல பாதிகூடத் தேவைப்படாது. நல்ல நிலைமையில இருக்கிற சாதாரண வயர் அதைக் கசியாம கொண்டுபோய் சேர்த்துடும். அதைவிடத் தடியா போட்டா கூடுதல் குதிரைசக்தி எங்கிருந்து வரும்? கிரெடிட் கார்டு கறுப்புக் கலர்ல இருந்தா பேலன்ஸ் கூடிடுமா என்ன?

விலை பார்க்கிறதுக்கு முன்னாடி மூடியைப் பாருங்க. என் மூடி லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரோட பழைய பக்கவாட்டு வகை. வயர் பக்கத்துலேர்ந்து உள்ள போகும், உள்ள இருக்கிற கூர் முனை ஸ்க்ரூ வயரைக் குத்தித்தான் தொடர்பு கிடைக்கும். இதுக்கு நடுவுல செம்புக் கம்பி இருக்கிற 7 மில்லிமீட்டர் வயர்தான் சரி. கார்பன் நூல் வயரை இதுல போட்டா ஸ்க்ரூ அந்த நூலைச் சரியாப் பிடிக்காது. கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் தொடர்பு கருகி மறுபடி மிஸ்ஸிங். அப்ப நீங்க மறுபடி கார்புரேட்டரைப் பிரிப்பீங்க! செம்பு வயர் செட் நான் விசாரிச்ச கடையில 18 பவுண்டு. தலைப்புல இருக்கிறது அதுதான்.

அப்படின்னா செம்பு வயரே வாங்கியிருக்கலாமே? அதான் முடியல. நான்தான் இடையில 95 பவுண்டு மாட்யூல் போட்டுட்டேனே. அதோட துண்டுக் காகிதத்தை மூணு மாசம் கழிச்சு முதல் தடவையா படிச்சேன்: செம்புக் கம்பி வயர் கூடாது. செம்பு வயர்ல தடை கிட்டத்தட்ட பூஜ்யம், பொறி அடிக்கிறப்ப வர்ற மின் இரைச்சல் அப்படியே வெளியே பரவும். பழைய பாயின்ட்டுக்கு அது ஒண்ணும் பண்ணாது, கார் ரேடியோ கரகரக்கும், அவ்வளவுதான். எலக்ட்ரானிக் மாட்யூல் குழம்பிடும், சில சமயம் செத்தே போகும். அதுக்கு ஒரு அடிக்குச் சில ஆயிரம் ஓம் தடை இருக்கிற கார்பன் வயரோ, சுருள் கம்பி வயரோ வேணும். மூடிக்கு செம்பு வேணும், மாட்யூலுக்கு செம்பு கூடாது. ஒரு தேவையில்லாத செலவு அடுத்த செலவை எப்படிக் கூட்டிட்டு வருதுன்னு பாருங்க.

கடைசியா மேலேர்ந்து அழுத்திச் சொருகற வகை மூடி 14 பவுண்டு, சிலிக்கான் உறை போட்ட 7 மில்லிமீட்டர் தடை வயர் செட் 24 பவுண்டு. 38 பவுண்டுல முடிஞ்சது. மாட்யூலைக் கழட்டிட்டு பாயின்ட்டுக்கே திரும்பியிருந்தா 18தான். ஆனா 95 பவுண்டு போட்டாச்சே, கழட்ட மனசு வரல. போட்ட காசுக்காகப் பிடிச்சுத் தொங்காதீங்கன்னு உங்களுக்கு எத்தனை வீடியோ போட்டிருக்கேன்!

விலை கம்மியா இருக்கிறதை எடுன்னு நான் சொல்றதா நினைச்சுடாதீங்க. பேர் இல்லாத 8 பவுண்டு செட் ஒண்ணு என் நண்பர் போட்டார், மூணாவது மாசம் பிளக் முனை ரப்பர் இளகிடுச்சு. பக்கத்துல எக்ஸாஸ்ட் சூடு இருக்கு, சிலிக்கான் உறைக்குக் கொஞ்சம் கூடுதலா கொடுக்கலாம். சுருள் கம்பி வயர் 50, 60 பவுண்டுன்னாலும் எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் மாத்தின வண்டிக்கு நியாயமான செலவு. ரோட்டார் ஆர்ம்லயும் கஞ்சத்தனம் வேண்டாம். நடுவுல ரிவெட் அடிச்ச மட்டமான ரோட்டார் ஆர்ம் அந்த ரிவெட் வழியாவே கசியும், ரிவெட் இல்லாத சிவப்பு வகை கிடைக்குது, அதை வாங்குங்க. காசு அங்க போகட்டும்.

மாத்தறப்ப ஒரு வயரைக் கழட்டி ஒரு வயரை மாட்டுங்க. எல்லாத்தையும் மொத்தமா பிடுங்கிட்டு நிக்காதீங்க. பிடுங்கிட்டீங்கன்னா: பொறி வரிசை 1-3-4-2, ரோட்டார் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுத்தும். வயரைப் பிடிச்சு இழுக்காம முனை ரப்பரைப் பிடிச்சு இழுங்க. இருட்டு சோதனை பண்றப்ப கையைப் பாக்கெட்ல வச்சுக்கோங்க, ஓடற இன்ஜின்ல வயரைத் தொட்டா தூக்கி அடிக்கும். மல்டிமீட்டர் 15 பவுண்டுக்குக் கிடைக்குது. வயரோட ரெண்டு முனையையும் தொட்டா அளவு எல்லையில்லாம காட்டினா உள்ள அறுந்திருக்கு. ஆனா மீட்டர்ல சரியா இருந்தாலும் உறை வெடிச்சிருக்கலாம். என் பழைய நடு வயர் மீட்டர்ல நல்ல பிள்ளை மாதிரி பூஜ்யம்தான் காட்டுது. அதைப் பிடிச்சது இருட்டும் தண்ணி ஸ்ப்ரேயும்தான், ரெண்டுக்கும் செலவே இல்ல.

வித்துடலாம்னு எடுத்த போட்டோவை மனைவியே போன்லேர்ந்து அழிச்சுட்டாங்க. போன ஞாயித்துக்கிழமை மறுபடி கிரிக்லி ஹில் ஏறினோம். மழைதான். மூணாவது கியர்ல சத்தமில்லாம ஏறிடுச்சு, மனைவி பாதி வழியில தூங்கிட்டாங்க.

அந்த சிவப்பு 8 மில்லிமீட்டர் செட் இன்னும் அலமாரில இருக்கு. திருப்பி அனுப்பற கெடு தாண்டிடுச்சு. நாலு சிலிண்டர், ஒரு தடவைகூட ஓட்டல. யாருக்காவது வேணும்னா 40 பவுண்டுக்குத் தர்றேன். ஆனா முதல்ல உங்க மூடியைப் பார்த்துட்டு சொல்லுங்க.