வாசலில் பறை, மேடையில் காசி ராஜா

திண்டுக்கல் பக்கம் இலக்கிய விழாக்கள் கூடியிருக்கின்றன. மாவட்ட நிர்வாகமும் இலக்கியக் களமும் சேர்ந்து நடத்தும் புத்தகத் திருவிழா ஒருபுறம். கல்லூரி விழாக்கள், நூலக வாசகர் வட்டங்கள், பள்ளி மைதானத்தில் மாலை நேரக் கவியரங்கம், கதைசொல்லல் நிகழ்ச்சிகள் இன்னொருபுறம். நாகல்நகரிலிருந்தும் பேகம்பூரிலிருந்தும் நடந்தே வருகிறார்கள். சின்னாளப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலகுண்டு என்று பேருந்து ஏறியும் வருகிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் உண்டியலில் சேர்த்த காசோடு வந்து புத்தகம் வாங்குவதைப் பார்த்தால் மனசு நிறைகிறது. இந்த விழாக்கள் வேண்டும், இன்னும் பெருக வேண்டும். அதனால்தான் அவற்றின் மேடை குறித்து ஒரு விஷயத்தைப் பேசியாக வேண்டியிருக்கிறது.

ஆய்வு நிமித்தமாகவும் ஆசை நிமித்தமாகவும் இப்படிப் பல விழாக்களில் உட்கார்ந்திருக்கிறேன். அவற்றில் ஒன்றில் கேட்டதைச் சொல்கிறேன். எந்த விழா, யார் பேசியது என்று சொல்லப்போவதில்லை. ஒரு விழாவோடு முடிகிற குறை என்றால் பெயரைச் சொல்லிக் கண்டித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

கதைசொல்லி நல்ல குரல்வளம் உள்ளவர். பிள்ளைகளைக் கட்டிப்போடத் தெரிந்தவர். மதுரை வீரன் கதையைச் சொல்லத் தொடங்கினார். வீரன் என்ற பெயரைக் கேட்டதும் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுவன் பக்கத்தில் இருந்தவனை இடித்து, "எங்க சாமிடா" என்றான். அவன் முகத்தில் அப்படியொரு பெருமை. கதை காசிக்குப் போனது. ராஜாவுக்குக் குழந்தை பிறக்கிறது, கழுத்தில் மாலை சுற்றிப் பிறக்கிறது, நாட்டுக்கு ஆகாது என்று சோதிடர்கள் சொல்ல, காட்டில் விடுகிறார்கள். அங்கே சக்கிலியர் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். "ஆக, வீரன் உண்மையில் யார்? ராஜகுமாரன்!" என்று கதைசொல்லி முடித்தபோது பந்தலில் பலத்த கைதட்டல். அந்தச் சிறுவனின் நண்பன் அவனிடம் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது: "அப்ப நம்மாளு இல்லையாடா?"

அந்தப் பையன் கேட்டது நல்ல ஆய்வுக் கேள்வி. காவல்காரனாக வாழ்ந்து, சாதி மீறிப் பொம்மியை மணந்து, மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்து, தெய்வமான ஒருவனுக்குக் காசியில் ஒரு தகப்பன் எதற்கு? கதையில் அந்த ராஜாவுக்கு வேறு வேலையே இல்லை. குழந்தையைப் பெற்றுக் காட்டில் விடுவதோடு அவர் காணாமல் போகிறார். அவர் வந்துபோவது ஒரே காரியத்துக்காக: இவ்வளவு வீரம் செருப்புத் தைக்கும் குடிசையில் பிறந்திருக்க முடியாது என்று சொல்வதற்கு. வீரனின் வீரத்தை மறுக்க முடியவில்லை, பிறப்பை மாற்றிவிட்டார்கள். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படமும் இந்தக் காசிப் பிறப்பைத்தான் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இது வீரனுக்கு மட்டும் நடந்ததில்லை. தென்மாவட்டங்களில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமண இளைஞன் முத்துப்பட்டன், சக்கிலியரான வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் விரும்புகிறான். பூணூலை அறுத்தெறிகிறான், குடுமியை எடுக்கிறான், செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு அவர்களை மணக்கிறான். மாமனாரின் ஊர்க்காவல் வேலையை ஏற்று, மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயன். இன்றைக்கும் அவனுக்குச் செருப்பு காணிக்கை வைக்கிறார்கள். தமிழில் இதைவிடத் துணிச்சலான சாதி மறுப்புக் காதல் கதை சிலவே இருக்கும். ஆனால் அந்தக் கதையின் சில வடிவங்களில் ஒரு திருத்தம் உண்டு. பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்கள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று வரும். இதைப் பதிப்பித்த பேராசிரியர் நா.வானமாமலை, ஆதிக்கச் சாதியாரைச் சமாதானப்படுத்தப் பின்னால் நுழைக்கப்பட்ட பகுதி இது என்று அடையாளம் காட்டினார். ஒரு வரியைச் சேர்த்ததும் சாதி மறுப்புத் திருமணம் சொந்தச் சாதித் திருமணமாகிவிடுகிறது.

இன்னும் பின்னால் போனால் நந்தன். பெரியபுராணத்து நந்தன் தில்லைக்குள் நுழைய நெருப்பில் இறங்கியாக வேண்டும். வெளியே வரும்போது பூணூல் துலங்கும் முனிவனாக வருகிறான். பக்தியில் அவனுக்குக் குறையே இல்லை. பிறந்த உடம்பைக் கொளுத்தினால்தான் கோயில் திறக்கும். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கதாகாலட்சேபத்துக்காக எழுதிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் பண்ணையார் பிராமணரின் கொடுமை புதிதாக வந்து சேர்ந்தது. கேட்டவர்கள் உருகினார்கள். நெருப்பு மட்டும் அப்படியே இருந்தது.

நந்தன், பொம்மக்கா, திம்மக்கா, வீரன். மூன்று கதைகளுக்கும் பொதுவான விதி ஒன்றுதான். மரியாதை வேண்டுமானால் பிறப்பை மாற்றிக்கொள்.

இப்போது விழாவின் வாசலுக்கு வருவோம். நான்கு மணிக்கே பறைக் குழு வந்து, சருகைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சித் தயாராக நிற்கிறது. சிறப்பு விருந்தினரின் கார் வந்ததும் அடி தொடங்குகிறது. அவரை மேடைவரை அழைத்துப் போகிறார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து தொடங்கும்போது பறை நின்றுவிடுகிறது. இலக்கியம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். அழைப்பிதழில் கவிஞர்களின் பெயர்கள் பட்டத்தோடு இருக்கும். வாழ்த்துரை வழங்குகிறவர்களின் பெயர்கள் பதவியோடு இருக்கும். மேலே ஒரு வரி, "மாலை 4 மணி: பறையாட்டம்". ஆடுகிறவர்களுக்குப் பெயர் இல்லை.

தொகுப்பாளர் ஒலிபெருக்கியில் சொல்வார்: "ஆதித் தமிழனின் ஆதி இசை!" இந்த வரியைக் கேட்டால் பலருக்கும் சிலிர்க்கிறது. எனக்கு இதுதான் பறைக்குக் கிடைத்த காசி ராஜா என்று படுகிறது. ஆதித் தமிழன் என்ற பெயரில் எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள். பறையைச் சாவுக்கு அடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியவர்களும் அடங்கிவிடுகிறார்கள். மறுத்தவர்களை ஊர்க்கூட்டத்தில் நிறுத்தி அபராதம் போட்டவர்களும் தமிழர்கள்தான். அடித்தவர்களை இழிவாகப் பேசியவர்களுக்கும் இப்போது அது 'நம்ம இசை'. பறை கௌரவப்பட்டுவிட்டது, பறையடித்தவர்களின் வரலாறு மட்டும் காட்டில் விடப்பட்டுவிட்டது.

பறையின் உடம்பைப் பாருங்கள். மூன்று வேப்பமரத் துண்டுகளை இணைத்த வட்டச் சட்டம், அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய மாட்டுத்தோல். அந்தத் தோலைச் செத்த மாட்டிலிருந்து உரித்து, கழுவி, காயவைத்த கைகள் எவருடையவை? தோலைத் தொட்டதற்காகத்தானே 'தீண்டத்தகாதவர்' என்றார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்கத் திண்டுக்கல்லைவிடப் பொருத்தமான ஊர் இருக்க முடியாது. பூட்டுக்கும் பிரியாணிக்கும் பெயர்போனது என்று சொல்கிற இந்த ஊர், தோல் ஷாப்புகளின் ஊரும்கூட. பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, முடி நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய வேலையில் தலைமுறை தலைமுறையாகக் கைகால் வெந்தவர்கள் பெரும்பாலும் தலித்துகள். இங்கே வழக்கறிஞராக வாழ்ந்த டி.செல்வராஜ் அவர்களைப் பற்றித்தான் 'தோல்' நாவலை எழுதினார். 2012ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது அதற்குக் கிடைத்தது. விழாக்களில் மண்ணின் எழுத்தாளர்கள் என்று ராஜமய்யர், பி.எஸ்.ராமையா, சி.சு.செல்லப்பா என்று வத்தலகுண்டுப் பட்டியலைச் சொல்லிவிட்டுச் செல்வராஜையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நல்லது. ஆனால் நான் கேட்ட அறிமுகங்களில் அந்த நாவல் 'தொழிலாளர் வாழ்க்கையைச் சொல்லும் நாவல்' என்பதோடு நின்றுவிடுகிறது. அந்தத் தொழிலாளர் எந்தத் தெருவிலிருந்து வந்தார், அந்தக் குழியில் ஏன் அவர் மட்டும் இறங்கினார் என்ற பேச்சு வருவதில்லை. இதுவும் பிறப்பை மாற்றுகிற வேலைதான், கொஞ்சம் நாகரிகமாக.

ஒரு எதிர்வாதத்தை நேர்மையாகப் பார்த்துவிடுவோம். 'பறை எல்லோருடையதும் ஆனால்தானே இழிவு போகும்? சாதியை நினைவுபடுத்திக்கொண்டே இருந்தால் சாதி எப்படி ஒழியும்?' என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். சாவுப் பறை அடிப்பதை விடுவதே விடுதலை என்று நம்பிப் பறையைத் தூக்கி எறிந்தவர்கள் நம் ஊர்களில் உண்டு. அவர்கள் முடிவில் நியாயம் இருந்தது. கட்டாய வேலையைக் கலை என்று சொல்லிக் கொண்டாட முடியாது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பறையை எல்லோரும் கற்கட்டும், எல்லோரும் ஆடட்டும். அதில் சண்டை இல்லை. ஆனால் இழிவு எங்கிருந்து வந்தது என்பதை மறைத்துவிட்டு இழிவைப் போக்க முடியாது. மறைப்பதால் நிம்மதி அடைகிறவர்கள் இழிவு செய்தவர்கள்தான்.

பிறப்பை மாற்றிக்கொள்ளாமல் மரியாதையைக் கேட்ட மரபு நமக்கு இருக்கிறது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் 'பறையன்'. வசைச்சொல்லாகப் புழங்கியதையே பத்திரிகையின் தலையில் அச்சடித்து, அதைக் காசு கொடுத்து வாங்க வைத்தார். நூறாண்டு கழித்து நாட்டார் பாடலையும் நாடகத்தையும் ஆய்வையும் ஒரே தோளில் சுமந்த கே.ஏ.குணசேகரன், இன்குலாபின் 'மனுசங்கடா' பாடலை மேடை மேடையாகப் பாடினார். தன் வாழ்க்கையை எழுதியபோது அந்தப் புத்தகத்துக்கு 'வடு' என்று பெயர் வைத்தார். வடுவை மறைக்கப் பவுடர் பூசிக்கொள்ளவில்லை.

திண்டுக்கல்லிலேயே அதற்கு வாழும் சாட்சி இருக்கிறது. சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி நாட்டுப்புறக் கலைக்குழு. தலித் இளம்பெண்கள் பறை எடுத்து ஆடும் குழு. பறை ஆண்கள் கையில் மட்டும் இருந்த காலத்தில் பெண்கள் அதை இடுப்பில் கட்டினார்கள். அவர்கள் ஆட்டத்தில் சாதிக்கும் ஆணாதிக்கத்துக்கும் எதிரான பேச்சும் பாட்டும் சேர்ந்தே வரும். அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் இவர்களைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்று ஆவணப்படமே எடுத்திருக்கிறார். நம் விழா அமைப்பாளர்கள் நினைத்தால் பஸ்ஸில் போய்ப் பேசிவிட்டு வரலாம்.

ஆகவே விழாக் குழுவில் இருக்கும் நண்பர்களுக்குச் சில கோரிக்கைகள். பறைக் குழுவை வாசலோடு அனுப்பாதீர்கள். மேடையில் ஒரு மணி நேரம் கொடுங்கள். ஆட்டத்துக்குப் பிறகு அவர்களிடம் ஒலிவாங்கியைக் கொடுத்து, பறை அவர்கள் கைக்கு வந்த கதையைக் கேளுங்கள். அழைப்பிதழில் ஒவ்வொருவர் பெயரையும் அச்சிடுங்கள். கவியரங்கத் தலைவருக்குக் கொடுக்கும் மதிப்பூதியத்தையும் பறைக்குழு ஆசானுக்குக் கொடுப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒப்பாரியும் தாலாட்டும் பாடும் அம்மாக்களை 'நாட்டுப்புற நிகழ்ச்சி' என்று ஒதுக்காமல் கவிஞர்கள் வரிசையிலேயே உட்கார வையுங்கள்.

கதைசொல்லிகளுக்கு ஒரு வேண்டுகோள். வீரன் கதையைச் சொல்லுங்கள், காசி ராஜாவையும் சொல்லுங்கள். அந்த ராஜா கதைக்குள் ஏன் வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் புரியாது என்று நினைக்க வேண்டாம். வகுப்பறையில் யார் பக்கத்தில் யார் உட்காரக் கூடாது என்பது வரைக்கும் புரிந்து வைத்திருக்கிற பிள்ளைகள் அவர்கள். இது புரியாமலா போகும்?

வாசிக்கிற உங்களிடமும் ஒன்று. அடுத்த விழாவில் நீங்கள் பார்வையாளராக இருப்பீர்கள். கேள்வி நேரம் என்று ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். கூச்சப்படாமல் எழுந்து நின்று, "வீரன் சக்கிலியர் வீட்டுப் பிள்ளையாகவே பிறந்திருந்தால் உங்கள் கதையில் என்ன குறைந்துவிடும்?" என்று கேளுங்கள். பதில் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள்.