ஏவலும் அறிவும்

இணையத்தளத்தைச் சேவையகத்தில் நிறுவுவோர் முன்னாளில் ஷெல்லின்முன் அமர்ந்து கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கையால் இட்டனர். நிறுவிய முறையோ பலவிடத்தும் நிறுவியவர் நினைவிலேயே தங்கிற்று. அவர் நீங்கின் அறிவும் உடன் நீங்கும். 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த டொக்கர் இக்குறையைப் பெரிதும் போக்கிற்று. வேண்டும் மென்பொருள்களையும் அவற்றை நிறுவும் முறையையும் டொக்கர்பைல் என்னும் ஏட்டில் வரிவரியாக எழுதிவைப்பின், கணினி அதனைப் படித்து முதலிற் படிமத்தையும், அதிலிருந்து பிறவற்றோடு கலவாது தனித்தியங்கும் கொள்கலனையும் ஆக்கித் தரும். மாணாக்கர் அனைவர்க்கும் ஒரே வகையான ஷெல் சூழலை அமைத்தலும் எளிதாயிற்று. நினைவில் இருந்தது எழுத்தில் ஏறியதே இதன் பெரும்பயன் என்பது எம் கருத்து.

ஆயினும், பிறர் எழுதிய ஏட்டைப் பொருளுணராது படியெடுத்து இயக்குதல், செய்யுளைப் பொருளறியாது உருப்போடுதலையே ஒக்கும். மென்பொருளின் பதிப்பெண்ணைக் குறியாது விடின், இன்று இயங்கியது நாளை இயங்காதொழியலாம். ஒரு வரியிற் சேர்த்த கடவுச்சொல், அடுத்த வரியில் அழிப்பினும், படிமத்தின் அடுக்கினுள் எஞ்சிநிற்கும். தரவைக் கொள்கலனுக்குப் புறத்தே வையாதார், கொள்கலனை நீக்குங்கால் அதனையும் இழப்பர். கணினி ஏவியதைச் செய்யும். ஏவியது தகுமோ என ஆராய்தல் நம் கடன்.

ஆதலின், மாணாக்கர் முதலிற் கையால் நிறுவிப் பழகுக. பின்னர் ஏட்டில் எழுதுக. அதன்பின் கொள்கலனை அழித்து, ஏடொன்றையே கொண்டு மீள ஆக்குக. கணினித்துறையில் விளங்கும் பழைய மாணவர்கள் இப்பயிற்சியை இளையோர்க்கு அளிக்க முன்வருவாராக. மீள ஆக்கவும், ஒவ்வொரு வரிக்கும் காரணங் கூறவும் வல்லாரே கற்றாராவர்.