சுவருக்கு அந்தப் பக்கம்

மும்பைப் புறநகர் ஒன்றில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பழைய உயர்நிலைப்பள்ளி. வாரத்தில் இரண்டு நாள், மூன்றாவது பீரியடுக்கு மணி அடித்ததும் ஒன்பதாம் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பெண்கள் பதினெட்டுப் பேர் ஞானோபதேச நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போவார்கள். மற்ற நாற்பது பேரும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். அவர்களுக்கு ‘மாரல் சயின்ஸ்’. இரண்டு அறைகளுக்கும் நடுவே இருப்பது செங்கல் சுவர் அல்ல, மடக்கித் திறக்கும் மரத்தடுப்பு. பள்ளி விழா அன்று அதை மடக்கிவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே ஹாலாகிவிடும். மற்ற நாட்களில் இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் நன்றாகவே கேட்கும்.

என் சிநேகிதி அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தூத்துக்குடிக்காரர், கல்யாணமாகி மும்பைக்கு வந்தார். கத்தோலிக்கர் என்பதால் ஞானோபதேச வகுப்பும் அவர் தலையில் வந்து சேர்ந்தது. 2001-ல் நடந்த ஒரு விஷயத்தைச் சமீபத்தில் சொன்னார்.

அன்று ஞானஸ்நானம் பற்றிய பாடம். பாதியில் ஒரு பெண் எழுந்தாள். “டீச்சர், என் பெஸ்ட் ஃபிரெண்ட் இப்ப அந்த ரூம்ல இருக்கா. தினமும் சாமி கும்பிடறா. யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டா. அவளுக்கு மோட்சம் உண்டா, கிடையாதா?”

தடுப்புக்கு அந்தப் பக்கம் சட்டென்று நிசப்தம். பொய் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்த டீச்சர் உள்பட எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டுவிட்டார்கள்.

“அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன்” என்றார் சிநேகிதி. “கணக்கு வகுப்பில் ஒரு நாளும் நான் அப்படிச் சொன்னதில்லை.”

கான்வென்ட்டிலோ மிஷன் பள்ளியிலோ படித்த வாசகர்களுக்கு இந்தப் பிரிவினை பழக்கமானதுதான். அதற்குச் சட்ட ஆதாரமும் இருக்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் தனியார் பள்ளியில் போதிக்கலாம். ஆனால் சம்மதம் இல்லாமல் யாரையும் அதில் உட்கார வைக்கக் கூடாது. சிறுவர்கள் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சிறுபான்மையினர் தங்கள் பள்ளிகளை நிறுவி நடத்தும் உரிமை 30-வது பிரிவில் இருக்கிறது. ஆக, மூன்றாவது பீரியடில் வகுப்பு பிரிவது ஒருவர் நம்பிக்கையை இன்னொருவர் மேல் திணிக்காமல் இருக்கச் செய்த நாகரிகமான ஏற்பாடு. பெரியவர்களுக்கு அது புரிகிறது. பதினாலு வயதுக்கு வேறு மாதிரிப் புரிகிறது. நேற்றுவரை ஒரே பெஞ்சில் இருந்தவளைக் கடவுளின் பேரால் ஏன் பிரிக்கிறார்கள் என்று அந்த வயது கேட்கிறது.

சிநேகிதிக்கு இந்தக் கேள்வியை எதிர்கொள்ளப் பழக்கம் இல்லாததற்குக் காரணம், அவர் ஞானோபதேசம் கற்ற விதம். பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் திரும்பச் சொல்லிச் சொல்லிப் படித்தார்கள். வீட்டில் பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் பாதிரியார் 1578-ல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கமே கொண்ட ஞானோபதேசப் புத்தகம். இந்திய எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நூல் அதுதான். அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’ கேள்வியும் பதிலுமாகவே அமைந்தது.

நானூறு வருஷத்துக்கு மேல் அந்த முறை ஓடியிருக்கிறது. சிநேகிதியின் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கேள்வி காதில் விழுந்ததும் பதில் எழுத்துப் பிசகாமல் வந்துவிடுமாம். அதை ஏளனம் செய்ய நான் தயாரில்லை. கஷ்ட காலத்தில் மனப்பாடமான ஜெபம் தானாக வாயில் வரும்; சொந்த வார்த்தை வராது. எட்டு வயதில் புதுநன்மை வாங்கப் போகும் குழந்தைக்கு அந்த முறை போதும். அங்கே கேள்வி கேட்பவர் ஆசிரியர், பதில் சொல்வது குழந்தை. பதினாலு வயதில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. கேட்பது அவர்கள், பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். புத்தகமோ பழைய வரிசையிலேயே இருக்கிறது.

என்ன கேட்பார்கள்? சிநேகிதி ஒரு பட்டியலே வைத்திருக்கிறார். நேராகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டால் போதாதா, சாமியாரிடம் ஏன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்? பெண்கள் ஏன் குருவாகக் கூடாது? ஆறு நாளில் உலகம் உண்டானது என்றால் உயிரியல் டீச்சர் சொன்ன பரிணாமம் பொய்யா? விநாயகர் சதுர்த்திக்குப் பக்கத்து வீட்டில் கொடுக்கிற மோதகத்தைச் சாப்பிட்டால் பாவமா?

இவற்றில் பல சங்கடமான கேள்விகள்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் சபையின் சொந்தப் பெட்டியிலேயே சரக்கு இருக்கிறது. மோதகப் பிரச்னை முதல் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்கள் பவுலைக் கேட்டார்கள். சாப்பாடு நம்மைக் கடவுளிடம் சேர்ப்பதும் இல்லை, பிரிப்பதும் இல்லை. ஆனால் உன்னைப் பார்த்து மனம் தடுமாறுகிறவன் இருந்தால் அவனை நினைத்துக்கொள் என்பது அவர் எழுதிய பதிலின் சாரம். ‘கூடும்’, ‘கூடாது’ என்று ஒரே வார்த்தையில் அவர் முடிக்கவில்லை. பரிணாம ஆராய்ச்சிக்கு 1950-லேயே பன்னிரண்டாம் பத்திநாதர் கதவைத் திறந்துவிட்டார். அது வெறும் ஊகத்தைவிட மேலானது என்று 1996-ல் இரண்டாம் ஜான் பால் சொன்னார். பட்டாணிச் செடிகளை வைத்து மரபியலுக்கு அஸ்திவாரம் போட்ட மெண்டல் ஒரு கத்தோலிக்கத் துறவி. “உங்கள் உயிரியல் புத்தகத்தில் இருக்கிறவர் நம்ம மடத்துக்காரர்தான் என்றதும் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்” என்றார் சிநேகிதி.

மோட்சக் கேள்வி இவ்வளவு சுலபமாக இல்லை. ‘அடுத்த வகுப்பு’க்கு நடுவில் இருந்த மூன்று நாட்களில் அவர் பங்குச் சாமியாரிடம் போய் மூன்று புத்தகங்கள் வாங்கிவந்து படித்தார்.

திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்பது மூன்றாம் நூற்றாண்டிலிருந்து வரும் வாசகம். அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொண்டு, கத்தோலிக்கர் தவிர யாருக்கும் இடமில்லை என்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபீனி என்ற பாதிரியார் போதித்தார். ரோமாபுரியே 1949-ல் அது தவறான விளக்கம் என்று எழுதியது. கீழ்ப்படிய மறுத்த அவர் 1953-ல் சபையிலிருந்து விலக்கப்பட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் இன்னும் தெளிவாகப் பேசியது: தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதவர், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனசாட்சி காட்டும் வழியில் நடந்தால் அவரும் மீட்படையலாம். அடுத்த ஆண்டு அக்டோபர் 28-ம் தேதி, ஒரே நாளில், அந்தச் சங்கம் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. ஒன்று கிறிஸ்தவக் கல்வி பற்றியது. மற்றது பிற மதங்கள் பற்றியது. அவற்றில் உண்மையும் புனிதமுமாக இருக்கும் எதையும் சபை ஒதுக்கவில்லை என்று சொன்னது. இரண்டும் ஒரே நாளில் வந்தது தற்செயலாக இருக்கலாம். இந்தியாவின் எந்தக் கத்தோலிக்கப் பள்ளிக்கும் அந்த இரண்டையும் தனித்தனியாகப் படிக்க வசதியில்லை.

மறுபக்கமும் உண்டு. எல்லா மதமும் ஒன்றுதான் என்று சபை சொல்லவில்லை. மீட்பு கிறிஸ்து வழியாகவே என்பதை 2000-ல் ரோமாபுரி கறாராக மறுபடி வலியுறுத்தியது. அதை எழுதிய அலுவலகத்தின் தலைவர் பின்னாளில் பதினாறாம் பெனடிக்ட் ஆன கார்டினல் ராட்ஸிங்கர். சிநேகிதி இரண்டையும் ஒளிக்காமல் வகுப்பில் சொன்னார். “எதை விட்டாலும் பொய்யாகிவிடும். அந்தப் பக்கம் பொய் சொல்லாதே என்று பாடம் நடக்கிறது!”

கேட்ட பெண் யோசித்தாள். பிறகு அடுத்த கேள்வியைப் போட்டாள். “அப்ப அவளும் போகலாம். அப்புறம் நான் எதுக்கு டீச்சர் இந்த ரூமுக்கு வரணும்?”

உண்மையான கேள்வி இதுதான். முதல் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இருந்தது. இதற்கு எந்தப் புத்தகமும் உதவாது. சிநேகிதி சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, தன் அம்மா இறந்த இரவைப் பற்றிச் சொன்னார். தூத்துக்குடியில் வீட்டுத் திண்ணையில் விடிய விடிய ஜெபமாலை சொன்ன அக்கம்பக்கத்துப் பெண்களைப் பற்றி. பாதியில் தனக்கு நம்பிக்கை அற்றுப்போனது, அவர்கள் குரல் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது, விடியும்போது தானும் அதில் சேர்ந்துகொண்டது. “நான் இந்த ரூமில் இருப்பது அதனால். நீ ஏன் இருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. நீயேதான் கண்டுபிடிக்க வேண்டும்” என்று முடித்தார். இக்கால மனிதன் போதகர்களைவிடச் சாட்சிகளுக்கே காது கொடுக்கிறான் என்ற பொருளில் ஆறாம் பால் 1975-ல் எழுதினார். இவர் அதை அப்போது படித்திருக்கவில்லை.

எல்லா வகுப்பும் இப்படி நடப்பதில்லை என்பதுதான் வருத்தம். ஞானோபதேசத்துக்கு மார்க் கிடையாது. பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் முதலில் பிடுங்கிக்கொள்வது அந்தப் பீரியடைத்தான். (“நானே என்னிடமிருந்து பிடுங்கியிருக்கிறேன்.”) பாடம் நடத்துகிறவருக்குத் தகுதி, அவர் கத்தோலிக்கர் என்பதும் அந்த நேரம் சும்மா இருக்கிறார் என்பதும்தான். பயிற்சிக்கு வழி இல்லாமல் இல்லை. புதுச்சேரி மறைமாவட்டத்தைச் சேர்ந்த அமலோற்பவதாஸ் அடிகளை முதல் இயக்குநராகக் கொண்டு 1967-ல் பெங்களூரில் தேசிய மறைக்கல்வி மையம் தொடங்கப்பட்டது. கேரளத்தின் சீரோ மலபார் சபையில் ஞாயிறுதோறும் வேதபாடம் பன்னிரண்டாம் வகுப்பு வரை போகிறது. 2011-ல் இளைஞர்களுக்கென்றே 527 கேள்விகளோடு ‘யூகேட்’ என்ற ஞானோபதேச நூல் வந்தது. ஆனாலும் பல ஊர்களில் உறுதிபூசுதல் முடிந்ததும் பிள்ளைகள் பட்டம் வாங்கிவிட்டதுபோல் வகுப்புக்கு முழுக்குப் போட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பக்கத்து அறைக்கும் நஷ்டம்தான். பெரும்பாலான கத்தோலிக்கப் பள்ளிகளில் அதிகம் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். நேரம் தவறாதே, நகம் வெட்டு, பெரியவர்களை மதி. எந்த மதத்தையும் தொட்டுவிடாமல் பத்திரமாக வடிகட்டிய கஞ்சி. மதமாற்றச் சந்தேகம் சூழ்ந்திருக்கும் நாட்டில் நிர்வாகத்தின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மதத்தைப் போதிப்பது வேறு, மதங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு. இரண்டாவதற்கு அரசியல் சட்டத்தில் தடையில்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பிற மத மாணவர்கள் மேல் நம் வழக்கங்களைத் திணிக்காதீர்கள், எல்லா மதங்களையும் மதியுங்கள், காலையில் அரசியல் சட்டத்தின் முகவுரையை வாசிக்கச் செய்யுங்கள் என்று ஆயர் பேரவையும் 2024-ல் தன் பள்ளிகளுக்கு வழிகாட்டியது. நல்ல காரியம். ஆனால் மதிப்பது என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று ஆகிவிடக் கூடாது.

இரண்டு அறைகளையும் ஒன்றாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு வீட்டுப் பிள்ளைக்குத் தன் வீட்டு மொழியில் பேசிப் பழக ஓர் அறை வேண்டும்தான். ஆனால் அங்கே கற்பிப்பதற்கு ஒரு சோதனை உண்டு: இந்த அறையில் சொல்வது சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளையின் காதில் விழுந்தாலும் சொன்னவர் கூசக் கூடாது. அதற்காக நம்பிக்கையை நீர்த்துப்போகச் செய்ய வேண்டியதில்லை. உரக்கச் சொல்ல முடியாத ஒன்றைப் பதின்வயதுப் பிள்ளை எப்படியும் நம்பப்போவதில்லை.

அன்று மணி அடித்து இடைவேளை விட்டதும் சிநேகிதி வராந்தாவில் நின்றிருந்தார். கேள்வி கேட்ட பெண்ணும் அவளுடைய தோழியும் ஒரே டிபன் டப்பாவிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தோழி எழுந்து வந்தாளாம்.

“உங்க அம்மா இறந்தப்ப உங்களுக்கு எத்தனை வயசு டீச்சர்?”