பழைய அறிவுரைக்கும் காலாவதி உண்டு

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் புக்கிட் செந்தோசாவிலிருந்து கோலசிலாங்கூருக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையில், பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிப் பூச்சிகளைப் படம் எடுக்க ஆசை. பிளாஷ் வெளிச்சம் பூச்சிகளைத் தொந்தரவு செய்யும் என்பதால் அதைப் பயன்படுத்தக் கூடாது. முக்காலியில் கேமராவைப் பொருத்தி, ஒவ்வொரு படத்திற்கும் பல வினாடிகள் காத்திருக்க வேண்டும். பத்தாவது படத்திலேயே கேமரா அணைந்துவிடுகிறது. நேற்றிரவுதான் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்தீர்கள்!

அந்தப் பேட்டரி அன்று திடீரெனக் கெடவில்லை. நம் பழக்கங்கள் அதைப் பல மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்திருக்கின்றன.

“முழுக்கக் காலியான பிறகுதான் சார்ஜ் போட வேண்டும். புதுப் பேட்டரியை முதல் தடவை எட்டு மணி நேரம் போட வேண்டும்.” இந்த அறிவுரையை வீட்டில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதை இனிப் பின்பற்ற வேண்டாம் என்பதே என் கருத்து.

பெரியவர்கள் தவறாகச் சொன்னார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் காலத்துப் பேட்டரி வேறு. சுவீடனைச் சேர்ந்த வால்டெமார் யுங்னர் 1899-இல் உருவாக்கிய நிக்கல்-காட்மியம் வகைதான் அப்போது புழக்கத்தில் இருந்தது. அதைப் பாதியிலேயே திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்தால், அந்தப் பாதியை மட்டுமே நினைவில் வைத்துக்கொண்டதுபோல் மின்னழுத்தம் சீக்கிரம் இறங்கிவிடும். இதை ‘நினைவு விளைவு’ என்றார்கள். அதற்கு, அவ்வப்போது காலியாக்கிச் சார்ஜ் செய்வது சரியான மருந்து.

1991-இல் சோனி நிறுவனம் லித்தியம்-அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது முதலில் இடம்பெற்ற பொருள்களில் ஒன்று வீடியோ கேமரா. அதற்கு அடித்தளம் அமைத்த ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவரும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். அப்போது குடினஃபுக்கு வயது 97! இன்று உங்கள் கேமராவிலும் கைப்பேசியிலும் இருப்பது இந்த வகைதான்.

இதற்குள் லித்தியம் அயனிகள் இரு முனைகளுக்கிடையே போய்வருகின்றன. சார்ஜ் செய்யும்போது கிராஃபைட் முனையில் போய்த் தங்குகின்றன; பயன்படுத்தும்போது திரும்புகின்றன. பொதுவாக ஒரு கலம் 4.2 வோல்ட்டை எட்டினால் நிறைந்துவிட்டது என்று பொருள். நிறைந்த நிலையில் வெப்பமும் சேர்ந்தால், உள்ளிருக்கும் மின்பகுதிரவம் மெல்லச் சிதைகிறது. கொஞ்சம் லித்தியமும் சிக்கிக்கொண்டு பயனில்லாமல் போகிறது. மாறாக, மின்னழுத்தம் மிகவும் இறங்கிப்போனால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். ஆக, முழுக்க நிரப்பிக் கிடப்பில் போடுவதும் கெடுதல், முழுக்கக் காலியாக்கிப் போடுவதும் கெடுதல்.

ஆகவே, பயணத்திற்கு முதல் நாள் முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள், அதில் தவறில்லை. பல வாரங்களுக்குக் கேமரா தேவைப்படாது என்றால், பேட்டரியைப் பாதி அளவில் வைத்து, கழற்றி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். இடையில் எப்போது வேண்டுமானாலும் சார்ஜ் செய்யலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். நம் நாட்டு நண்பகலில் மூடிய காருக்குள் வெப்பம் 50 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும்.

“கேமராவே பேட்டரியைப் பார்த்துக்கொள்ளும், நமக்கேன் கவலை?” என்று சிலர் கேட்பார்கள். பாதுகாப்புச் சுற்று அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆவதைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் காருக்குள் இருக்கும் வெப்பத்தை அதனால் குறைக்க முடியாது. மலிவான போலிப் பேட்டரிகளில் அந்தச் சுற்றே தரமாக இருக்குமென்ற உறுதியும் இல்லை.

“கெட்டால் புதிது வாங்கலாமே” என்பது இன்னொரு வாதம். பள்ளிப் புகைப்படக் கழகத்திற்கு ஒரே ஒரு கேமரா இருந்தால், பேட்டரிக்குச் செலவாகும் ரிங்கிட் சிறிய தொகை அல்ல. பழையது எங்கே போகிறது என்பதையும் யோசியுங்கள். தலைநகரின் குப்பை வந்து சேரும் புக்கிட் தாகார் நம் உலு சிலாங்கூரில்தான் இருக்கிறது. குப்பை லாரிக்குள் நசுங்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடும். லாரியில் வேலை செய்பவர்களுக்கு அது ஆபத்து. உப்பிய பேட்டரியை அழுத்தாதீர்கள், துளைக்காதீர்கள், மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள். பழைய பேட்டரியின் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, மின்னியல் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். நான் இங்கே சொன்னது லித்தியம்-அயனுக்கு மட்டுமே பொருந்தும். நாளை சோடியம் பேட்டரியோ வேறொன்றோ உங்கள் கேமராவுக்குள் வரலாம். அப்போது என் அறிவுரையும் காலாவதியாகலாம். ஆகவே யார் எதைச் சொன்னாலும், “இது எந்தப் பேட்டரிக்குச் சொன்னது?” என்று கேளுங்கள். பேட்டரியின் மேலேயே அதன் வகை அச்சிடப்பட்டிருக்கும். இன்று மாலை வீட்டில் இருக்கும் ஒரு பேட்டரியை எடுத்துப் படித்துப் பாருங்கள்.