கோப்பைக் காப்பாற்றிய பிறகே கணினியை மாற்றுக: கெடா கோரிக்கைச் சாசனம்

சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரங்களின் தமிழ்ப்பள்ளி வாரியங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும், மானியம் வழங்கும் மாநில அரசுக்கும் இதை முன்வைக்கிறோம்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. அவற்றைக் குப்பையில் போடுவதைவிட லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றுவதே நல்லது. நம் மலேசியப் பொதுத்துறையே 2004-இல் திறமூல மென்பொருளுக்குப் பெருந்திட்டம் வகுத்தது. மாற்றத்தை நாங்கள் வரவேற்கிறோம். வன்தட்டை அழித்துவிட்டு, "எல்லாம் ஓப்பன் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போகும் வேலையைத்தான் ஏற்கமாட்டோம்.

முதல் கோரிக்கை தமிழ்க் கோப்புகளைப் பற்றியது. யூனிகோட் பரவுமுன் தட்டச்சு செய்த ஆண்டு மலர்களும் கூட்டக் குறிப்புகளும் நன்கொடையாளர் பட்டியல்களும், ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்களில் கிடக்கின்றன. லினக்ஸில் பயன்படும் லிப்ரே ஆபீஸ் பழைய வேர்டு கோப்பைத் திறந்துவிடும். ஆனால் அந்த எழுத்துரு இல்லையென்றால் பக்கம் முழுதும் புள்ளியும் கோடும் வைத்த அந்நிய எழுத்துகளே தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று யாராவது அழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. ஆகவே ஆவணங்களோடு எழுத்துருக்களையும் முதலில் படியெடுக்க வேண்டும். திஸ்கி, டாப், டாம் எனக் குறியீட்டு முறைகள் பல. எது என்று கண்டறிந்தே யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். தமிழ் படிக்கத் தெரிந்தவர் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். மூலக் கோப்பையும் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. தோட்டச் சம்பளப் பதிவான செக்ரோல், சந்தா, சேமநிதிப் பிடித்தம் எல்லாம் பழைய மென்பொருளில் இருந்தால், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்கும் வைனில் அதை ஓட்டிப் பாருங்கள். 64-பிட் விண்டோஸில் ஓடாத பழைய 16-பிட் நிரல்கள் சில வைனில் ஓடுவதுண்டு. உரிமத்துக்கு டாங்கிள் என்னும் சிறு கருவியைச் செருக வேண்டிய மென்பொருள் பெரும்பாலும் ஓடாது. எக்செல் மேக்ரோக்களும் லிப்ரே ஆபீஸில் அப்படியே வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். பழைய தரவுத்தள வடிவமான டிபிஎஃப் கோப்புகளை லிப்ரே ஆபீஸின் கால்க் திறக்கும். அதனால் மென்பொருள் போனாலும் தரவு மிஞ்சும். குறைந்தது ஒரு மாதக் கணக்கைப் பழையதிலும் புதியதிலும் போட்டு, தொகை ஒத்துவந்த பிறகே மாறுங்கள். தணிக்கை முடியும்வரை ஒரு விண்டோஸ் கணினி இணைய இணைப்பில்லாமல் அலுவலகத்தில் இருக்கட்டும்.

வருமானவரி, சேமநிதி இணையச் சேவைகள் உலாவியில் நடப்பவை. அவற்றுக்காக விண்டோஸ் வேண்டும் என்று யாரும் பயமுறுத்த வேண்டாம்.

மாநில அரசு மானிய விண்ணப்பங்களை வேர்டு வடிவத்தில் மட்டும் கேட்கக்கூடாது. திறந்த ஆவண வடிவத்தையும் பிடிஎஃப்பையும் ஏற்க வேண்டும். தோட்ட எழுத்தர்களான கிராணிகளுக்கும் பள்ளி எழுத்தர்களுக்கும் தமிழ்99 விசைப்பலகை உட்பட எல்லாப் பயிற்சியும் அவரவர் பட்டணத்திலேயே நடக்க வேண்டும். கோலாலம்பூருக்குக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் பயிற்சி எங்களுக்கு வேண்டாம். கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருப்பதும் ஒழியட்டும். கிராணி ஓய்வுபெறும்போது அதுவும் அவரோடு போய்விடுகிறது.

தோட்ட நிர்வாகங்களிடம் தனியாக ஒன்று. பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் பட்ட பாட்டைப் பார்த்தே துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இன்றும் தோட்டம் கைமாறினால், யார் எத்தனை ஆண்டு வேலை செய்தார், கோயிலும் பள்ளியும் எப்போதிருந்து அங்கே நிற்கின்றன என்பதற்குச் சான்று தேட வேண்டியிருக்கிறது. அலுவலகத்தைப் பூட்டுமுன் தொழிலாளருக்கு அவரவர் பதிவின் படியையும், கோயில், பள்ளி நிர்வாகங்களுக்கு அவற்றின் கோப்புகளையும் படிக்கக்கூடிய வடிவில் எழுத்துப்பூர்வ ரசீதோடு ஒப்படைக்க வேண்டும்.